நுகைரும் துக்கம் விசாரித்தலும்

ஹதீஸ் கிதாபுகளை மார்க்கச் சட்டங்களின் களஞ்சியமாக மட்டுமே ஓதிப் பழகிவிட்டோம் நாம். அவற்றின் சொல்லழகை நின்று நோக்கும் வழக்கம் தமிழில் அருகியே காணப்படுகிறது. அக்குறை எத்துணைப் பெரிதென்பதற்கு அபூ உமைரின் ஹதீஸ் ஒன்றே போதும்.

அபூ தல்ஹா, உம்மு சுலைம் (ரலி) தம்பதியரின் மைந்தர் அபூ உமைர். அனஸ் (ரலி) அவர்களுக்குத் தாய்வழித் தம்பி. பால்குடி மறந்த பருவம். 'நுகர்' எனும் சிறு பறவையொன்றை வைத்து விளையாடி வந்தார். அது இறந்துபட்டது. பிள்ளையின் வாடிய முகத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் காரணம் கேட்டறிந்தார்கள். பின்னர், பெரியவர்களை அழைப்பது போன்று 'அபூ' சேர்த்து அவரை விளித்து, அந்த நுகைரைப் பற்றி வினவினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி இது.

உமைர், நுகைர் என்னும் இரண்டும் 'தஸ்கீர்' வடிவங்கள். சிறுமையையும் செல்லத்தையும் ஒருங்கே காட்டுபவை. பிள்ளையின் பெயரும் பறவையின் பெயரும் ஒரே ஓசையில் இணைந்து தாலாட்டாகின்றன. நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'குருவி' என்றெழுதிக் கடந்து விடுகின்றனர். ஓசை போனதைப் பொறுக்கலாம். அது எம்மொழிக்கும் நேர்வது. பொறுக்க இயலாதது, 'ஃபஅல' என்னும் வினையைக் கவனியாது விட்டமை. ஓர் ஆளைப் பற்றி விசாரிக்க அரபிகள் ஆளும் சொல் அது. தபூக்கில், உடன் வராத கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களைப் பற்றி நாயகம் அவர்கள் கேட்டதும் இவ்வினை கொண்டே. செத்த பறவையும் இங்கே ஓர் ஆளாகவே விசாரிக்கப்படுகிறது.

தமிழிலும் துக்கத்தை 'விசாரிக்க'த்தானே செல்கிறோம்! நமது புதுக்கோட்டைச் சீமையில் வளர்த்த காளை இறந்தால் மாலையிட்டு அடக்கம் செய்வார்கள். 2018ஆம் ஆண்டு தென்னலூர் வாடிவாசலில் 'கொம்பன்' என்ற காளை மோதி இறந்த செய்தியை நம்மவர் பலரும் வீட்டு மவுத்தைப் போலவே பேசிக் கொண்டனர்.

படித்தவர்களுக்குத்தான் இதில் கூச்சம். ஹிஜ்ரி 318 வாக்கில் மறைந்த பக்தாத் கவிஞர் இப்னுல் அல்லாஃப், கொல்லப்பட்ட தம் பூனைக்காக அறுபதுக்கு மேற்பட்ட பைத்துகளில் மர்ஸியா பாடினார். பிற்காலத்தார் அப்பூனையைப் பூனையாக விட்டு வைக்கவில்லை. கொலையுண்ட இப்னுல் முஃதஸ்ஸைத்தான் மறைபொருளாகப் பாடினார் என்றனர் சிலர். வஸீரின் மகனை என்றனர் வேறு சிலர். இருக்கலாம். ஆயினும் பூனைக்காக ஒருவர் அழுதிருக்க இயலாது என்ற எண்ணம் அவ்வுரைகளின் அடியில் கிடப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

முன்னோர் அனைவரும் அப்படியல்லர். ஹிஜ்ரி 335இல் மறைந்த இப்னுல் காஸ் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே இயற்றினார். முகத்தில் தெரிந்த வாட்டம் கொண்டு உள்ளத்துக் கவலையை நாயகம் அவர்கள் அறிந்ததையும் அவற்றுள் ஒன்றாக அவர் எண்ணினார். நம் பயான்களோ பறவை வளர்ப்பது கூடும், பிள்ளைக்கு 'அபூ' என்று பெயரிடலாம் என்ற இரண்டு மூன்றோடு நின்றுவிடுகின்றன.

நாமும் அவ்வாறே ஓதிக் கொடுத்தோம். ஒருநாள் பத்து வயது மாணவனொருவன் கண் சிவந்து வந்தான். அவன் வளர்த்த புறாவைப் பூனை பிடித்துவிட்டதாம். "புறாவுக்கா அழுவது? சபகைப் பார்" என்றோம். சில வாரங்கள் கழித்து இதே ஹதீஸ் பாடமாக வந்தது. சட்டங்களை வரிசையாகச் சொல்லி முடித்தோம்.

"அஜ்ரத், அந்தப் பிள்ளை அப்புறம் அழுகையை நிறுத்திருச்சா?" என்று கேட்டான் அவன்.

ஹதீஸில் அதற்கு விடை இல்லை. பிற்காலத்தில் இளமையிலேயே மவுத்தான உம்மு சுலைமின் பிள்ளை இந்த அபூ உமைரே என்று இப்னு ஹஜர் எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. கிதாபை மூடிவிட்டு, புறாவின் பெயர் என்ன என்று கேட்டோம்.