சொல்வதெழுதலும் கதையெழுதலும்

எமது பகுதியில் சிறுகதைத் தொகுதி ஒன்று வெளியிடப்படும்போதெல்லாம் மேடையில் ஒருவர் எழுந்து, "கதாசிரியர் அரசியலைத் தவிர்த்திருக்கலாம்" என்பார். அடுத்துப் பேசுபவர், "இவ்வளவும் நடந்த மண்ணில் இவருக்கு அரசியலே இல்லையா?" என்று கேட்பார். இருவருக்கும் கைதட்டல் கிடைக்கும். நூலாசிரியர் இருவருக்கும் நன்றி கூறிவிட்டு வீட்டுக்குப் போவார். கேள்வி மட்டும் மேடையிலேயே கிடக்கும். அதை எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈழத்துத் தமிழிலக்கியத்துக்கு இது புதிய கேள்வியன்று. 1954இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய காலந்தொட்டு இது பேசப்படுகிறது. கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்து சமூகப் பார்வையுள்ள எழுத்துக்குக் களம் கொடுத்தார். எம்மவரான இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' அக்காலத்தில் அப்பத்திரிகையில் தொடராக வந்த நாவலாகும். எஸ்.பொ. பிரிந்து சென்று 'நற்போக்கு' என்றார். மு. தளையசிங்கம் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யில் முற்போக்கினரைக் கடுமையாக விமர்சித்தார்.

அந்த விவாதத்திலிருந்து நாம் கற்கலாம். ஆனால் அதை அப்படியே இங்கு கொண்டுவந்து நடுவது பொருந்தாது. அன்றைய கதைகளில் முதன்மையாக நின்றவை வர்க்கமும் சாதியும். எமக்குமுன் நிற்பவை இனம், ஊர், எல்லை. வர்க்கக் கதையொன்றில் போடியாரைத் தட்டையாக வரைந்தால் இழப்பு பெரும்பாலும் கலைக்கு மட்டுமே. எமது கதையில் பக்கத்து ஊரவனைத் தட்டையாக வரைந்தால் ஊருக்கும் இழப்பு. நாளை அதே சந்தையில் அவனிடந்தான் நாம் மரக்கறி வாங்க வேண்டும்.

அரசியலே வேண்டாம் என்போரை முதலில் பார்ப்போம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகள், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம், 2018இல் அம்பாறையில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை என்ற புரளியால் எழுந்த வன்முறை, 2020இல் கொவிட் ஜனாஸாக்களை எரித்த கொடுமை ஆகியவற்றை விட்டுவிடுங்கள். சுனாமியில் வீடிழந்தோருக்காகச் சவூதி அரேபியாவின் உதவியுடன் நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. வழக்குக்குப் பின் அவை ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தன. அவற்றுள் ஒன்று தனக்கென்று நம்பியிருந்த ஒரு தாயைப் பற்றி எழுத வருபவர் அரசியலை எங்கே இறக்கி வைப்பார்? அவளுடைய கூரையே அரசியலாயிற்றே.

ஆகவே அரசியல் வரலாமா என்பது சரியான கேள்வியன்று. அது எவ்வழியால் வருகிறது என்பதே கேள்வி.

நான் கற்பிக்கும் ஆரம்ப வகுப்புகளில் சொல்வதெழுதல் என்றொரு பயிற்சி உண்டு. ஆசிரியர் சொல்வார், பிள்ளை எழுதும். பிழையில்லாமல் எழுதினால் பத்துக்குப் பத்து. ஆனால் அதில் பிள்ளையின் வசனம் ஒன்றுகூட இராது. எமது அரசியல் கதைகளிற் பல இத்தகையவை. கட்சி சொல்கிறது, ஊர் சொல்கிறது, அன்றைய கோபம் சொல்கிறது, கதாசிரியர் எழுதுகிறார். சாய்ந்தமருது தீரன் ஆர்.எம். நௌஷாத், 1990ஆம் ஆண்டின் கிழக்கைப் பற்றிய தமது நாவலுக்குக் 'கொல்வதெழுதுதல் 90' என்று பெயரிட்டார். அந்த ஓரெழுத்து மாற்றத்தில் பெரிய எச்சரிக்கை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பிறர் சொல்வதை மட்டும் எழுதப் பழகிய கை, ஒரு நாள் கொல்வதையும் கேள்வியில்லாமல் எழுதிவிடும்.

அரசியலில் நேரடியாக நின்றவர்களே கதையில் அதை எவ்வளவு அடக்கினார்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. பலஸ்தீனத்தின் கஸ்ஸான் கனபானி ஓர் இயக்கத்தின் பேச்சாளர், அதன் பத்திரிகையின் ஆசிரியர். 1972இல் பெய்ரூத்தில் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார். 1963இல் வெளிவந்த அவரது 'வெயிலில் மனிதர்கள்' குறுநாவலில், பிழைப்புத் தேடிக் குவைத்துக்குக் களவாகப் போகும் மூவர் தண்ணீர்த் தாங்கிக்குள் வெந்து சாகிறார்கள். அவர்கள் ஏன் தாங்கியின் சுவரைத் தட்டவில்லை என்ற சாரதியின் தவிப்போடு கதை முடிகிறது. அங்கு கோஷம் எதுவுமில்லை. ஆயினும் அதைப் படித்தவர் பலஸ்தீனத்தை மறப்பது கடினம். எமது ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபா மாகாண சபை உறுப்பினராகவும் இருந்தவர். அவரது பெயரைச் சொன்னதும் நாம் நினைப்பது 'மக்கத்துச் சால்வை'யைத்தான். சிலம்பமும் பழம்பகையும் ஒரு சால்வையும் கொண்ட கதை அது. பகை எப்படித் தீரும் என்பதைவிடப் பெரிய அரசியல் இந்தக் கரையில் வேறென்ன இருக்கிறது?

இதை எழுதும் நான் குற்றமற்றவனல்லன். 2019 ஜூனில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நடந்தபோது எங்கள் ஊர்களில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. ஒரே இரவில் நானும் ஒரு கதை எழுதினேன். அதில் எம்மவர்கள் நிறைய நியாயம் பேசினார்கள். தமிழர் ஒருவர் வந்தார், நின்றார், போனார். அச்சுக்குக் கொடுக்கும் முன்னர், எனக்குத் தமிழ் படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவரும் தமிழர். கொப்பியை இரண்டு நாள் வைத்திருந்தார். கோபிப்பார் என்றிருந்தேன். கோபிக்கவில்லை.

"எல்லாம் சரி தம்பி, இந்த மனிசன் ஏன் ஒண்டும் கதைக்கிறார் இல்ல?" என்றார்.

"அவருக்குக் கதையில பெரிய இடமில்ல சேர்."

"இடந்தானே தம்பி பிரச்சினையே."

அக்கதையை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. என் அரசியல் கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று இதற்குப் பொருளல்ல. நிர்வாக எல்லை பற்றி எனக்கு அன்றிருந்த அபிப்பிராயமே இன்றும் இருக்கிறது. அதைக் கட்டுரையில் எழுதுவேன், கூட்டத்தில் பேசுவேன். ஆனால் கதைக்குள் ஒரு மனிதரை அழைத்துவிட்டு அவரது வாயைக் கட்டுவது அரசியலுமல்ல, இலக்கியமுமல்ல. அவர் பேசியிருந்தால் என் நியாயம் தோற்றிருக்குமோ என்ற பயம் எனக்குள் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள ஓராண்டு சென்றது.

இரு பக்கத்தையும் தராசில் நிறுத்துச் சமமாக எழுத வேண்டும் என்றும் நான் கூறவில்லை. பள்ளிவாசலில் சுடப்பட்டவனுக்கும் சுட்டவனுக்கும் சமபங்கு நீதி கேட்பது அநீதியே. பாதிக்கப்பட்ட பக்கத்தில் நின்று எழுதுவது எழுத்தாளனின் உரிமை. மறு பக்கத்தவனும் உண்ணுகிறான், பிள்ளை பெறுகிறான், பயப்படுகிறான் என்பதை அறிந்து எழுதுவது அவனுடைய கடமை. அதற்கு நிரம்பக் கேட்க வேண்டும். நாம் பேசிய அளவுக்குக் கேட்டோமா என்பது சந்தேகமே.

இளம் எழுத்தாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். அரசியலை அஞ்சி விலக்காதீர்கள். எழுதி முடித்ததும், உங்கள் கருத்துக்கு எதிரான ஒருவர் உங்கள் கதைக்குள் இருக்கிறாரா, அவர் பேசும் ஒரு வசனமாவது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் அது சொல்வதெழுதல்தான். பத்துக்குப் பத்து கிடைக்கும். கதை கிடைக்காது.