தேடாத நோய்

கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸின் ‘வேஸ்ட்’ (2020) யாருடைய சொல் அறிவாகிறது என்று கேட்கும் நூல். அலபாமாவின் லவுண்ட்ஸ் கவுண்டியில் களிமண் நீரை உறிஞ்சாது. அதற்கேற்ற கழிவுநீர்த் தொட்டி ஏழைகளுக்கு எட்டாத விலை. தொட்டியில்லாத குடும்பங்கள்மீதே அரசு வழக்குப் போட்டது.

கழிவு தேங்கிய வீட்டுக்குப் போய்க் கொசுக்கடியும் தடிப்புமாகத் திரும்பிய ஃபிளவர்ஸுக்குச் சோதனைகளில் எதுவும் தெரியவில்லை. மருத்துவர்கள் தேடவே பழகாத நோயாக இருந்தால்? அந்தக் கேள்வி ஆய்வாளர்களை வரவழைத்தது. 2017இல் வெளியான ஆய்வில் 55 பேரில் 19 பேருக்குக் கொக்கிப்புழுத் தொற்று. அமெரிக்காவில் ஒழிந்ததாக நம்பப்பட்ட நோய் அது.

துணைத் தலைப்பு ‘ஒரு பெண்ணின் போராட்டம்’ என்கிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. வழக்குக்கு அஞ்சிய ஊரில் வெட்கத்தை விட்டு மலமாதிரி கொடுத்தவர்கள் இல்லையென்றால், அவர் கேள்வி வெறும் சந்தேகமாகவே நின்றிருக்கும்.