பேதுரு பாடாத பாட்டு

யோகான் செபாஸ்டியன் பாக் இயற்றிய ‘மத்தேயு பாடுகள்’ இசைப்படைப்பில், சேவல் கூவிய பிறகு பேதுருவுக்குப் பாட்டு இல்லை. இயேசுவை மூன்று முறை மறுதலித்த சீடன் வெளியே போய் அழுகிறான். அந்த அழுகையையும் கதை சொல்லும் சுவிசேஷகரே இழுத்து இழுத்துப் பாடிக் காட்டுகிறார். அடுத்து வரும் ‘எர்பார்மே டிஷ்’ என்ற இரக்க மன்றாட்டு ஆல்ட்டோ குரலுக்குரியது; பேதுருவின் வசனங்களைப் பாடியதோ பாஸ் குரல். குற்றம் செய்தவனை விட்டுவிட்டுப் பெயரில்லாத ஒருவரை மன்றாட வைப்பது அவனைத் தப்பவிடுவது ஆகாதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேதுருவே பாடியிருந்தால் அது ஓபரா ஆகியிருக்கும். கேட்பவர்கள் அவன் வேதனையை வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். ஆனால் இது முதன்முதலில் பாடப்பட்டதாகக் கருதப்படும் 1727 பெரிய வெள்ளியன்று லைப்சிக் புனித தோமா ஆலயத்தில் இருந்தவர்கள் ஆராதனைக்கு வந்த சபையார். பெயரில்லாத குரல் அவர்களில் யாருடையதாகவும் இருக்கலாம்.

பாட்டைத் தொடங்குவது தனி வயலின். பி மைனரில், சட்டென்று மேலேறி, நம் காதுக்குக் கமகம்போலவே படும் குழைவுகளோடு மெல்ல இறங்குகிறது. பிறகு நுழையும் குரலும் அதே மெட்டைத்தான் எடுக்கிறது. ஆனால் அந்தக் குழைவுகளில் பலவற்றை விட்டுவிட்டு, எளிமையாக்கி. வயலின் வாசித்தது முழுதாக அதன் வாயில் கடைசிவரை வருவதில்லை. இத்தனை அழகான பாட்டில் தாழ்மை ஏது என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்: அழகின் பெரும்பங்கு பாடுபவருக்குக் கிடைக்கவே இல்லை. இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. கவிஞர் பிக்காண்டர் இந்தப் பாட்டுக்கு எழுதிய வரிகள் கண்ணீரை முன்னிட்டு இரக்கம் கேட்கின்றன. அழுகையையே விலையாக வைத்தால் அது பேரம் அல்லவா? சொற்களை மட்டும் பார்த்தால் ஆம். ஆனால் கண்ணீர் முழுதாக ஓடுவது வயலினில். குரல் அதைச் சொந்தம் கொண்டாட முடியாமல் பின்தொடர்கிறது. உடனே வரும் சபைப் பாட்டு, விலகிப்போனவன் திரும்பி வந்திருக்கிறேன் என்கிறது. பாவத்தைவிடக் கிருபை பெரிது என்கிறது. கண்ணீரைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் மனம் வருந்தியவன்தான். அதற்கு வாங்கிய வெள்ளிக்காசை அவன் எறிந்த பின் வரும் பாஸ் பாட்டிலும் தனி வயலின் உண்டு. ஆனால் இந்தப் படைப்பின் இரண்டு இசைக்குழுக்களில் இரண்டாவதன் வயலின் அது, ஜி மேஜரில் விறுவிறுவென ஓடுகிறது. காசு இதோ கிடக்கிறது, என் இயேசுவைக் கொடுங்கள் என்று பாட்டு ஆசாரியர்களிடம் வழக்காடுகிறது. யூதாஸுக்கு அது தரும் பெயர் கெட்ட குமாரன். அது தகப்பனிடம் திரும்பி வந்த ஊதாரி மகனின் பெயர். அந்த உவமையை அறிந்த சபைக்கு அது சுருக்கென்று தைத்திருக்கும், ஏனென்றால் பாட்டு முழுக்கத் தகப்பனை நோக்கி ஒரு வார்த்தைகூட இல்லை.