காயம் உடையில், பாட்டில் இல்லை: ஸ்ட்ரைப்பரின் முதல் ஆல்பம்

ஸ்ட்ரைப்பர் பத்தி யார் எழுதினாலும் உடையிலதான் ஆரம்பிப்பாங்க. மஞ்சளும் கறுப்புமா கோடு போட்ட இறுக்கமான ஸ்பாண்டெக்ஸ், தோளுக்குக் கீழ இறங்கின முடி, முகத்துக்கு மேக்கப். தேனீக்கூட்டம் மாதிரி இருக்காங்கன்னு ஒரு கிண்டல், அதோட விமர்சனம் முடிஞ்சுடும். நானும் உடையிலிருந்தே தொடங்குகிறேன், ஆனால் கிண்டலுக்காக இல்லை. 1984ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பமான ‘தி யெல்லோ அண்ட் பிளாக் அட்டாக்’கில் உண்மையாகவே யோசித்துச் செய்த பக்திக் காரியம் அந்த உடைதான் என்பது என் கட்சி. பாட்டுகள் அந்த அளவுக்கு வரவில்லை.

இந்த ஆல்பம் எனக்குக் கிடைத்த கதையைச் சொல்லணும். தொண்ணூறுகளின் கடைசியில் விடுதியில் என் அறைத்தோழன் ஒரு சபைக்குப் போய்க்கொண்டிருந்தான். ராக் இசை சாத்தானுடையது என்று அங்கே சொன்னதை நம்பி, தன்னிடமிருந்த கேசட்டுகளை எல்லாம் தலைமுழுகினான். இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டான். “இவங்க இயேசுவைத்தானடா பாடுறாங்க” என்றான். மூணு மாசம் கழித்து அதையும் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனான். அது பதிவு பண்ணின கேசட், ஓரத்தில் சத்தம் கொஞ்சம் இழுக்கும். லீவுக்குப் பெரணமல்லூர் வரும்போதெல்லாம் வாக்மேனில் அதுதான் ஓடும். அவன் அதைக் கைவிட்டது சரியா என்ற கேள்வி எனக்குள்ளே ரொம்ப நாளா இருக்கு. நான் கிறிஸ்தவன் இல்லை, அதனால் எனக்கு இது சபைப் பிரச்சினை இல்லை. ஒரு வடிவத்தை இரவல் வாங்கி அதில் கடவுளை வைக்க முடியுமா என்பதுதான் பிரச்சினை.

முதலில் விவரம். கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்ட்டியில் மைக்கேல் ஸ்வீட், ராபர்ட் ஸ்வீட் என்ற அண்ணன் தம்பிகளின் பேண்டுக்கு முதலில் ராக்ஸ் ரெஜீம் என்று பெயர். மைக்கேல் பாட்டு, கிட்டார். ராபர்ட் டிரம்ஸ். கூட கிட்டாரில் ஆஸ் ஃபாக்ஸ், பேஸில் டிம் கெய்ன்ஸ். ஆல்பத்தை வெளியிட்டது எனிக்மா, கிறிஸ்தவக் கம்பெனி இல்லை. 1986ல் பாய்ஸன் பேண்டின் முதல் ஆல்பத்தை வெளியிட்டதும் இதே கம்பெனிதான். முதலில் ஆறே பாட்டு; 1986ல் இன்னும் இரண்டு சேர்த்து, அட்டையையும் மாற்றி மறுபடி விட்டார்கள்.

இவங்கதான் முதல் கிறிஸ்தவ ராக் பேண்ட் என்று சிலர் எழுதுகிறார்கள். தப்பு. லாரி நார்மனின் ‘அப்பான் திஸ் ராக்’ 1969லேயே வந்துவிட்டது. பெட்ராவின் முதல் ஆல்பம் 1974, ரிசரக்‌ஷன் பேண்டின் ‘அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை’ 1978. ஸ்ட்ரைப்பர் செய்தது வேறு. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தேவாலயக் கூட்டமும் கிறிஸ்தவக் கடைகளும்தான் களம். இவர்கள் மோட்லி க்ரூ, ராட் போன்றவர்கள் ஆடிய அதே லாஸ் ஏஞ்சல்ஸ் கிளப்புகளில், அதே அலங்காரத்தோடு ஏறி, கூட்டத்தை நோக்கிப் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வீசினார்கள். தொலைக்காட்சிப் பிரசங்கி ஜிம்மி ஸ்வகர்ட் கிறிஸ்தவ ராக்கையே கடுமையாக எதிர்த்தவர். வேடிக்கை என்னன்னா, ஸ்வீட் குடும்பம் விசுவாசத்துக்கு வந்ததே அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்துத்தான்.

இப்போ பாட்டுக்கு வருவோம். ‘லவுட் அண்ட் க்ளியர்’ நல்ல தொடக்கம். முடி நீளம்தான், சத்தம் ஜாஸ்திதான், ஆனா நாங்க துதிப்பது அவரைத்தான் என்று ஆளைப் பார்த்ததும் எழும் சந்தேகத்தை முதல் பாட்டிலேயே மேசைமேல் வைக்கிறார்கள். மைக்கேலின் குரல் உச்சியில் ஏறும்போது கத்தலாக மாறாமல் மெட்டாகவே நிற்கிறது. இரண்டு கிட்டாரும் சேர்ந்து ஒரே மெட்டை இரண்டு சுரங்களில் வாசிக்கும் இடங்களும், சேர்ந்து பாடும் குரல்களும்தான் இந்த ஆல்பத்தின் சொத்து. ஒலிப்பதிவு மெலிசு, ஆனால் அது எனக்குத் தொந்தரவாக இல்லை.

தொந்தரவு வேற இடத்தில். ‘ஃப்ரம் ராங் டு ரைட்’ சபையில் எழுந்து சொல்லும் சாட்சி மாதிரி. ‘கமான் ராக்’ எந்த பேண்டும் பாடியிருக்கக்கூடிய பாட்டு. ‘யூ வோன்ட் பி லோன்லி’, ‘லவிங் யூ’ இரண்டும் தலைப்பைப் பார்த்தால் காதல் பாட்டு. கடவுளா, காதலியா என்ற மயக்கம் தமிழ்க் காதுக்குப் புதுசு இல்லை, ஆண்டாளைக் கேட்டு வளர்ந்தவங்க நாம. ஆனா ஆண்டாளிடம் அந்த மயக்கம் வலிக்கும். அவன் இன்னும் வரவில்லை. இங்கே பாட்டு தொடங்கும் முன்பே அவர் வந்துவிட்டார், எல்லாம் தீர்ந்துவிட்டது. ஹார்ட் ராக் என்ற வடிவமே ஏக்கத்தில் ஓடுகிற வண்டி. கிடைக்காத பெண், போகாத ஊர், அடங்காத ஆத்திரம். அந்தப் பெட்ரோலை எடுத்துவிட்டு வண்டியை மட்டும் தள்ளுகிறார்கள்.

இரவல் வடிவம் வெற்றி பெற்ற கதை நம்மிடமே இருக்கு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி என்றால் உலா வரும் தலைவன், அவனைக் கண்டு காதலில் வாடும் தலைவி, குறி சொல்ல வரும் குறத்தி, பறவை பிடிக்க வலை வீசும் சிங்கன், பிறகு சிங்கனுக்கும் சிங்கிக்கும் நடக்கும் சரசம். சிருங்காரம் தூக்கலான மேடை நாடகம். அதே காலத் தஞ்சையில் சரபோஜி மன்னர் மேலேயே ஒரு குறவஞ்சி பாடப்பட்டது. சாஸ்திரியார் அதிலிருந்து காதலை வெட்டி எறியவில்லை. தேவமோகினி கிறிஸ்துவுக்காக வாடுகிறாள், விரகம் முழுசா இருக்கு. சிங்கனை உபதேசியாராக்கி, அவன் வலையைச் சுவிசேஷமாக்கினார். வடிவத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் வேலை கொடுத்தார்.

எங்க ஊர்ப் பக்கம் தறி பார்த்தவங்களுக்கு இது சுலபமாப் புரியும். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் போட்டால் மயில்கழுத்து வரும். எது நீலம் எது பச்சை என்று பிரிக்க முடியாது. நெய்து முடிந்த சேலைமேல் பூத்தையல் போடுவது வேறு வேலை. பெத்லகேம் குறவஞ்சி முதல் வகை. இந்த ஆல்பத்தின் வரிகள் இரண்டாவது வகை.

உடை மட்டும் முதல் வகை. ஸ்ட்ரைப்பர் என்ற பெயர் ஏசாயா 53ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. அங்கே ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைப்ஸ்’ என்று இருப்பதைத் தமிழ் பைபிள் ‘தழும்புகள்’ என்கிறது. ஆங்கிலச் சொல்லுக்குக் கோடு என்றும் அர்த்தம், சாட்டையடி விழுந்த தடம் என்றும் அர்த்தம். தமிழில் இந்தச் சிலேடை செத்துப்போகும், அதனால்தான் நாம அதைக் கவனிப்பதே இல்லை. கிளாம் ராக்கின் மிக ஆபாசமான உறுப்பு என்று எல்லாரும் சொன்ன அந்த இறுக்கமான ஸ்பாண்டெக்ஸை எடுத்து, அதன்மேல் சாட்டைத் தடங்களை வரைந்துகொண்டு மேடையேறியிருக்கிறார்கள். சாஸ்திரியார் சிங்கனின் வலைக்குச் செய்த அதே காரியம் இது. அந்தக் காயத்தின் வலி ஒரு பாட்டிலாவது இறங்கியிருந்தால் இது பெரிய ஆல்பம்.

1986ன் ‘டு ஹெல் வித் த டெவில்’ அமெரிக்காவில் பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. மெட்டும் ஒலியும் அதில் எவ்வளவோ தேறியிருக்கு. ஏக்கம்? அங்கேயும் எனக்குக் கேட்கவில்லை.

நண்பன் விஷயம். அவன் போன சபை சொன்ன காரணம் தப்பு என்றே இப்பவும் நினைக்கிறேன், இரட்டைக் கிட்டாரில் சாத்தான் ஒண்ணும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனா மூணு மாசம் ராத்திரி ராத்திரியா அதைக் கேட்டவன் அவன். வீட்டுப் பிரச்சினையில் நொந்துபோயிருந்த நேரம் வேற. எல்லாம் தீர்ந்துபோச்சுன்னு பாடுற ஆறேழு பாட்டு அவனுக்கு எதுக்கு உதவியிருக்கும்? அன்னைக்கு இதைக் கேக்க எனக்குத் தோணல. கேசட் இன்னும் என்கிட்டதான் இருக்கு.