'இறைவன் அருளால்': ஒரு சொல்லும் ஒரு திரைப்படமும்

நம் மக்கள் நாவில் நாள்தோறும் தவழும் சொற்றொடர்களுள் 'கடவுள் புண்ணியத்தில்' என்பது ஒன்று. மழை பெய்தாலும், மகள் திருமணம் நிறைவேறினாலும், நோயாளி நலமுடன் வீடு திரும்பினாலும் அச்சொல் தானாக வந்து விழும். நன்றியுணர்வில் பிறந்த சொல் அது. அதே சொல் இடம் மாறி விழுந்தால் எத்துணைக் கொடியதாகிவிடும் என்பதை 2016 மார்ச்சில் லூர்து நகரில் நடந்த செய்தியாளர் சந்திப்பு ஒன்று உலகுக்குக் காட்டிற்று. லியோன் பேராயர் கர்தினால் பிலிப் பார்பரேன், தம் குரு ஒருவர் சிறுவர்க்கு இழைத்த பாலியல் குற்றங்களைப் பற்றிப் பேசுகையில், அவற்றுள் பெரும்பாலானவை, இறைவன் அருளால், சட்டத்தின் காலவரம்பைக் கடந்துவிட்டன என்ற பொருள்படக் கூறினார். அச்சொல்லின் வன்மையைச் செய்தியாளர் ஒருவர் அங்கேயே சுட்டிக்காட்ட, கர்தினால் வருத்தம் தெரிவித்தார். ஆயினும் சொன்ன சொல் சொன்னதாகவே நின்றது. பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ஓசோன் அதையே தம் திரைப்படத்துக்குத் தலைப்பாக்கினார். 'கிராஸ் ஆ தியூ' என்னும் அப்படம் 2019 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசாகிய வெள்ளிக் கரடியைப் பெற்றது.

இப்படத்தைப் பற்றி மறைமாவட்ட இதழொன்றில் எழுதுவது தகுமா என்று சிலர் வினவக்கூடும். திருச்சபையின் காயத்தைத் திருச்சபையின் பகைவர்தாம் பேசுவர் என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. இப்படத்தைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பொருந்தாது. இதன் முதல் கதைமாந்தன் ஞாயிறு தவறாது திருப்பலிக்குச் செல்லும் கத்தோலிக்கன். ஐந்து பிள்ளைகளைத் திருச்சபையின் மடியில் வளர்க்கும் தந்தை. படம் எழுப்பும் வழக்கு அவனுடைய விசுவாசத்திலிருந்தே எழுகிறது. ஆகவே அதற்குச் செவிசாய்ப்பது நம் கடமை.

நிகழ்ந்தது என்ன?

பெர்னார் பிரெய்னா என்னும் குரு, 1970-களிலிருந்து 1991 வரை லியோன் நகரின் புறத்தேயுள்ள பங்கொன்றில் சாரணர் குழுவை நடத்தியவர். அக்குழுவின் சிறுவர் பலரை அவர் ஆண்டாண்டுக் காலமாகச் சீரழித்தார். 1991-இல் ஒரு சிறுவனின் பெற்றோர் முறையிட்டதன் பேரில் சாரணர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் குருத்துவப் பணியிலிருந்து நீக்கப்படவில்லை. வேறு பங்குகளில் அமர்த்தப்பட்டு, 2015 வரை பணியாற்றினார். அவ்வாண்டு இறுதியில், சிறுவயதில் அவரால் பாதிக்கப்பட்டோர் சிலர் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தனர். 'விடுதலை பெற்ற சொல்' என்பது அதன் பெயரின் பொருள். பிரெய்னா 2019 ஜூலையில் குருத்துவ நிலையிலிருந்து விலக்கப்பட்டார். 2020 மார்ச்சில் அவருக்கு 5 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. குற்றத்தை அறிந்தும் அரசுக்குத் தெரிவிக்கவில்லை என்று கர்தினால் பார்பரேன் 2019 மார்ச்சில் தண்டிக்கப்பட்டு, 2020 ஜனவரியில் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு மார்ச்சில் அவருடைய பதவி விலகலைத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்றுக்கொண்டார். இவ்விரு செய்திகளையும் சேர்த்தே சொல்வது நீதியாகும்.

மூவர் கதை

ஓசோன் இக்கதையை ஒரு தொடரோட்டம்போல் அமைத்திருக்கிறார். முதலில் அலெக்சாந்தர் ஓடுகிறான்; கையிலுள்ளதைப் பிரான்சுவாவிடம் தருகிறான்; அவனிடமிருந்து இம்மானுவேல் பெற்றுக்கொள்கிறான். முதலாமவன் வசதி படைத்த விசுவாசி. இரண்டாமவன் விசுவாசத்தைத் துறந்த சினமிக்கவன். மூன்றாமவன் அறிவிருந்தும் வாழ்க்கையில் எங்கும் நிலைகொள்ள இயலாதவன், வலிப்பு நோயால் வருந்துபவன். ஒரே கை மூவரையும் தீண்டியது. விளைவோ மூவரிடமும் மூன்று விதமாக இருக்கிறது. பாதிக்கப்பட்டோர் எல்லாரும் ஒரே முகமுடையவர் என்று எண்ணுவோர்க்கு இதுவே முதற் பாடம். இம்மானுவேலாக நடித்த சுவான் ஆர்லோவின் நடிப்பைப் பார்த்தபின், 'நடந்து முப்பது ஆண்டு ஆயிற்றே, இன்னுமா?' என்று எவரும் கேட்கத் துணியார்.

கொடுமை நிகழ்ந்த காட்சிகளைப் படம் காட்டுவதில்லை. ஒரு சிறுவன் குருவோடு செல்வான், கதவு சாத்தப்படும், அவ்வளவே. இந்த அடக்கம் பாராட்டுக்குரியது. பிள்ளைகளின் துயரைக் காட்டிப் பார்வையாளரைக் கலக்குவது எளிது. அதுவும் அப்பிள்ளைகளை மீண்டும் ஒருமுறை பயன்படுத்திக்கொள்வதே ஆகும். ஓசோன் அதைச் செய்யவில்லை.

படத்தின் முற்பகுதி பெரிதும் கடிதங்களால் ஆனது. அலெக்சாந்தர் எழுதுகிறான், பேராயர் இல்லத்திலிருந்து பதில் வருகிறது, மீண்டும் எழுதுகிறான். இது சலிப்பூட்டுகிறது என்று குறை கூறியோர் உண்டு. நமக்கோ இப்பகுதியே படத்தின் நெஞ்சமாகத் தோன்றுகிறது. பதில்களில் மரியாதை உண்டு, பரிவு உண்டு, செப வாக்குறுதி உண்டு. இல்லாதது ஒன்றுதான்: என்று, யாரால், என்ன செய்யப்படும் என்பது. கடுஞ்சொல் ஒன்றும் இன்றியே ஒரு மனிதனைக் களைப்படையச் செய்ய முடியும் என்பதை இக்கடிதங்கள் காட்டுகின்றன. அலுவலகம் நடத்தும் எவரும், பங்குத்தந்தையர் உட்பட, இப்பகுதியை இருமுறை பார்க்கலாம்.

மன்னிப்பு என்னும் மருந்து

ஒரு காட்சி நம்மைப் பெரிதும் உலுக்கியது. மறைமாவட்டத்தின் சார்பில் ஆற்றுப்படுத்தும் பெண்மணி ஒருவர், அலெக்சாந்தரையும் பிரெய்னாவையும் நேருக்கு நேர் சந்திக்கச் செய்கிறார். முதியவர் எதையும் மறுக்கவில்லை. ஆனால் மன்னிப்பும் கேட்கவில்லை. சந்திப்பின் முடிவில் மூவரும் கைகோத்துச் செபிக்குமாறு பணிக்கப்படுகின்றனர். எந்தக் கை தன்னைத் தீண்டியதோ அதே கையைப் பற்றிக்கொண்டு அலெக்சாந்தர் செபிக்கிறான். அக்காட்சியில் இறைவேண்டலைப் பழிக்கும் நோக்கம் ஏதுமில்லை. இறைவேண்டலை அவசரப் பூட்டாக மாற்றுவதையே அது கண்டிக்கிறது.

இங்கே நம் மறைக்கல்வியே இயக்குநர் பக்கம் நிற்கிறது. 1551-இல் திரிதெந்து பொதுச்சங்கம் ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றிக் கற்பித்தபோது, பாவியிடம் மூன்று செயல்களைக் கேட்டது: மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம். பிரெய்னாவிடம் இரண்டாவது மட்டுமே இருந்தது. மற்ற இரண்டும் இல்லாத இடத்தில், அவற்றின் குறையைப் பாதிக்கப்பட்டவனின் பெருந்தன்மையால் நிரப்ப முயல்வது எந்த இறையியலிலும் இல்லை. மேலும், மன்னிப்பது வேறு, நீதியைக் கைவிடுவது வேறு. தம்மைச் சுட்ட மெகமத் அலி அக்காவைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1983-இல் சிறையிலேயே சென்று கண்டார். மன்னிப்புப் பெற்ற அம்மனிதர் அதன்பின்னும் 2000-ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். மன்னிப்பு சிறைக்கதவை உடனே திறந்துவிடவில்லை.

விவிலியத்திலும் இதற்கொரு முன்னோட்டம் உண்டு. தாவீதின் மகள் தாமாரைத் தமையன் அம்னோன் கெடுத்தபோது, உடன்பிறந்த அப்சலோம் அவளைப் பேசாதிருக்கச் சொன்னான். அரசனாகிய தந்தை சினமுற்றான், சினத்தோடு நின்றுகொண்டான். தாமார் தமையன் வீட்டில் பாழ்பட்டுக் கிடந்தாள். ஈராண்டுக்குப் பின் அந்த மௌனம் கொலையாக வெடித்தது. குடும்ப மானத்தைக் காப்பதற்காகக் காக்கப்படும் மௌனம் இறுதியில் குடும்பத்தையும் காப்பதில்லை என்பதே அந்நூல் தரும் எச்சரிக்கை.

சமூகம் பிறந்த இடம்

படத்தின் பிற்பகுதி மலர்வது சங்கம் பிறந்த பின்பே. இங்கே நாம் கவனிக்க வேண்டியவர்கள் தாய்மார்கள். அலெக்சாந்தரின் தாய்க்கு மகனின் முயற்சி தேவையற்ற கிளறலாகவே படுகிறது. பிரான்சுவாவின் தாயோ 1991-லேயே மகனை நம்பியவர், உரியவர்களுக்கு எழுதியவர். எனினும் அவர் எழுத்துக்கு அன்று முழுப் பயன் விளையவில்லை. இம்மானுவேலின் தாய், காலம் தாழ்ந்தாயினும், சங்கத்தின் தொலைபேசியருகே அமர்ந்து, தயங்கித் தயங்கிப் பேசும் குரல்களைக் கேட்கும் பணியை ஏற்கிறார். அந்தத் தாய் சொற்பொழிவு ஆற்றவில்லை. கேட்கிறார், குறித்துக்கொள்கிறார், அடுத்த அழைப்பை எடுக்கிறார். ஆதரவு என்பது இதுதான் என்று படம் அமைதியாகச் சொல்கிறது.

சங்கத்தாருக்குள் கருத்து வேறுபாடுகள் எழுவதையும் ஓசோன் மறைக்கவில்லை. திருச்சபையை விட்டே வெளியேற வேண்டும் என்கிறது ஒரு குரல். அதற்குள் நின்றே போராட வேண்டும் என்கிறது மற்றொன்று. சகோதரனுக்கு எப்போதும் முதலிடம் கிடைத்ததே என்று பொருமும் உடன்பிறப்பும் உண்டு. ஒருவரின் காயம் முழுக் குடும்பத்தின் உணவு மேசையிலும் வந்து அமர்கிறது. பாதிக்கப்பட்டோரைப் புனிதர்களாக்காமல் மனிதர்களாகவே காட்டியிருப்பது படத்தின் நேர்மை.

குறைகள்

படத்தில் நமக்கு இரு மனக்குறைகள் உண்டு. முதலாவது, பங்கு மக்கள் இல்லை. தொடக்கக் காட்சியில் கர்தினால் பூர்வியேர் குன்றின் பேராலயத்திலிருந்து கதிர்ப்பாத்திரம் ஏந்தி நகரை ஆசீர்வதிக்கிறார். கீழே நகரம் விரிந்து கிடக்கிறது. ஆனால் அந்நகரத்துக்குள் இருந்த இறைமக்கள் என்ன அறிந்திருந்தனர், ஏன் பேசாதிருந்தனர் என்று படம் ஆழ்ந்து கேட்கவில்லை. குருவின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சியவர்கள், 'சாமியைப் பற்றி அப்படிப் பேசாதே' என்று பிள்ளையின் வாயை அடைத்தவர்கள் எத்தனை பேர்? ஆயர் இல்லத்தை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றினால் பார்வையாளர் தம் மனச்சான்றை வீட்டில் விட்டுவிட்டு வரலாம். அந்த வசதியைப் படம் சற்றே தந்துவிடுகிறது. பிரெஞ்சு ஆயர்கள் அமைத்த சோவே ஆணையம் 2021 அக்டோபர் 5 அன்று வெளியிட்ட அறிக்கை இன்னும் விரிந்த காட்சியைத் தந்தது. 1950 முதல் குருக்களாலும் துறவியராலும் பாதிக்கப்பட்ட சிறார் ஏறத்தாழ 2,16,000 பேர் இருக்கலாம் என அது மதிப்பிட்டது. ஒரு கர்தினாலின் தடுமாற்றம் மட்டும் விளைவித்த எண்ணிக்கை அன்று இது.

இரண்டாவது, படம் முழுவதும் நடந்து முடிந்ததன் பின்விளைவே பேசப்படுகிறது; நடவாமல் தடுப்பது பேசப்படவில்லை. கலைப்படைப்பு அறிவுரை ஏடன்று என்பது மெய்தான். எனவே இக்குறையைப் படம் முடிந்தபின் அதைப் பார்க்கும் சமூகமே நிறைவு செய்ய வேண்டும்.

நம் நாட்டில் அதற்குத் தேவை இல்லையென எவரும் சொல்ல முடியாது. 2007-இல் நடுவண் அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட சிறார் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். கொடுமை செய்தோரில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பிள்ளையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தவர்கள். ஆக, இது குருமனையின் சிக்கல் மட்டுமன்று. உறவினர் வீடும், தனிவகுப்பும், விடுதியும், பக்கத்து வீடும் இதில் அடங்கும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது; தெரிவிக்கத் தவறுவதும் குற்றம், நிறுவனத் தலைவர் தவறினால் தண்டனை கூடுதல். 'முதலில் நாங்களே விசாரித்துப் பார்க்கிறோம்' என்னும் பழைய வழக்கத்துக்கு இச்சட்டத்தில் இடமில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட விதிமுறைகளும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிக்கு முறையிடுவதைக் கடமையாக்கின. நாட்டுச் சட்டங்கள் விதிக்கும் கடமைகளுக்கு அவை தடையல்ல என்றும் தெளிவுபடுத்தின.

சட்டம் குற்றம் நடந்தபின் வரும். அதற்கு முன் வரவேண்டியது சமூகத்தின் விழிப்பு. மறைக்கல்வி வகுப்பும் பீடச்சிறுவர் பயிற்சியும் பலர் கண்படும் இடத்தில் நடக்கட்டும். தனியே ஒரு பிள்ளையை எவரும், குருவாயினும், பூட்டிய அறைக்குள் அழைக்காதிருக்கட்டும். எந்தத் தொடுதலை மறுக்கலாம், யாரிடம் சொல்லலாம் என்பதைப் பிள்ளைகள் வெட்கமின்றிக் கற்கட்டும். 1098 என்னும் எண் ஆலய அறிவிப்புப் பலகையில் திருப்பலி நேரங்களுக்கு அருகே இருக்கட்டும். சொல்ல வரும் பிள்ளையைக் குறுக்குக் கேள்வி கேட்காமல் நம்புவோம். அதன் பெயரை ஊரில் பரப்பாமல் காப்போம். மருத்துவமும் மன ஆறுதலும் கிடைக்கும்வரை கூட நடப்போம். பெண் பிள்ளையாயின் திருமணம் கெட்டுவிடும் என்றும், ஆண் பிள்ளையாயின் இதில் என்ன இருக்கிறது என்றும் பேசும் இரு நாவுகளையும் அடக்குவோம்.

படத்தின் இறுதியில் அலெக்சாந்தரின் மகன் தந்தையிடம், இன்னும் கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்கிறான். தந்தை விடை சொல்லுமுன் படம் முடிந்துவிடுகிறது. இது நாத்திகத்துக்குத் திறந்த வாயில் என்று சிலர் சினந்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்தத் தந்தை அதுவரை நடந்த தொலைவே ஒரு விசுவாச அறிக்கைதான். உண்மையே கடவுளுக்கு உகந்தது என்று நம்பாதவன் அத்தனை கடிதங்களை எழுதியிருக்க மாட்டான். ஆனால் மகன் கேட்ட கேள்விக்குத் தந்தை மட்டும் விடை தந்துவிட முடியாது. பிள்ளை சொல்வதை நம்பும் தாய், அழைப்பை ஏற்கும் செவி, காலம் தாழ்த்தாமல் காவல்துறைக்குச் செல்லும் பங்குத்தந்தை, வாய் மூடாத இறைமக்கள் ஆகியோர் எல்லாரும் சேர்ந்துதான் அதற்கு விடை எழுத வேண்டும். சிறியோர்க்கு இடறலாவோரைப் பற்றி ஆண்டவர் எந்திரக்கல்லை நினைவூட்டிப் பேசினார். அவ்வெச்சரிக்கை இடறலைக் கண்டும் காணாதவர்க்கும் உரியது என்பதை இப்படம் நமக்கு உணர்த்துமாயின், அது பரிசுகளைவிடப் பெரிய பணியைச் செய்ததாகும்.