திருத்துகிறவர் யார்?

என்.பி.டி.இ.எல். பாடங்களைக் குறை சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். நான் பி.இ. முடித்தபோது அப்படி ஒன்று கிடையாது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. நாற்பது வயதுக்கு மேல் 12 வாரப் பாடம் ஒன்றை அதில் படித்து முடித்தேன். விரிவுரைகள் அருமை. என் கல்லூரியில் அப்படி யாரும் நடத்தியதில்லை.

ஆனாலும் ஒரு குறை. வாராவாரம் அசைன்மெண்ட் உண்டு. மதிப்பெண்ணில் 25 விழுக்காடு அதற்கு, 75 தேர்வுக்கு. பெரும்பாலும் நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஒரு வாரம் பாதிக்கு மேல் தப்பு. கெடு முடிந்ததும் சரியான விடை வந்தது. நான் எங்கே வழுக்கினேன் என்பது மட்டும் வரவில்லை. விவாதப் பகுதியில் கேட்டால் உதவி ஆசிரியர்கள் பதில் சொல்வார்கள். என்ன புரியவில்லை என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

2020-ல் எங்கள் வீட்டில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். என் மனைவி பொறியியல் கல்லூரி ஆசிரியை. பகலில் வகுப்பு, ராத்திரி, பசங்க செல்போனில் படம் பிடித்து அனுப்பிய விடைத்தாள்கள். பாதி படம் தலைகீழாக, மீதி நிழல் விழுந்து. அறுபது தாள். ஒருநாள் பதினோரு மணிக்கு நிமிர்ந்து, "கார்னா மேப்ல நாலு மூலையையும் ஒண்ணா சேர்க்கலாம்னு யாருக்குமே பிடிபடலீங்க, அது நான் நடத்தின லட்சணம்" என்றாள். மறுநாள் அங்கிருந்துதான் வகுப்பு ஆரம்பித்தது. கல்லூரி நிர்வாகம் கணக்கு வைத்தது திரையில் பேசிய மணி நேரத்தை மட்டும்.

எத்தனை பேர் தப்பு செய்தார்கள் என்பதை மென்பொருள் நொடியில் சொல்லிவிடும். ஏன் என்று தெரிய, கிறுக்கலை ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தொழிலிலும் அப்படித்தான். எல்லா டெஸ்ட்டும் பாஸான கோடையும் இன்னொருவர் படித்துக் கருத்து எழுதிய பிறகுதான் சேர்க்கிறோம்.

இது தொலைநிலைக் கல்விக்குப் புதுசும் இல்லை. பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் 1971-ல் பாடம் நடத்தத் தொடங்கியபோது, பி.பி.சி. ஒளிபரப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. மாணவர் எழுதி அனுப்பியதை டியூட்டர் ஒருவர் படித்து, குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். தொலைக்காட்சி ஊருக்கெல்லாம் பொது. அந்தக் குறிப்பு அவருக்கு மட்டும்.

ஆயிரக்கணக்கில் சேரும் இலவசப் பாடத்தில் இது முடியாது என்பது நியாயம்தான். சும்மா கற்றுக்கொள்ள வந்த எனக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிப்படி, ஒரு செமஸ்டரில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்துப் பாடங்களை எடுத்துக்கொள்ள கல்லூரிகள் அனுமதிக்கலாம். விரிவுரையை வெளியிலிருந்து வாங்குவதில் தப்பில்லை. அதோடு தாளைப் படிக்கிற ஆளையும் வேண்டாமென்று விட்டுவிட்டால், பையனுக்கு மதிப்பெண் வரும், சான்றிதழும் வரும். அந்த நாலு மூலை மட்டும் சேராமலே கிடக்கும்.