பில் வேறு விலாசத்துக்கு வரும்

சேலையூரில் குடியிருப்பவர்களுக்குத் தலைக்கு மேலே விமானச் சத்தம் பழகிவிடும். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள். புதிதாக வரும் விருந்தாளிகள் மட்டும் அண்ணாந்து பார்ப்பார்கள். போன வாரம் அந்தச் சத்தத்துக்கு நடுவே, 2007ல் வந்த 'சார்லி வில்சன்ஸ் வார்' படத்தை இரண்டாவது முறையாகப் பார்த்தேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். சார்லி வில்சன் நிஜ மனிதர். டெக்ஸாஸிலிருந்து அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்வானவர். மதுவும் மங்கையருமாகச் சுகஜீவி. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கனிஸ்தானுக்குள் நுழைகின்றன. பாகிஸ்தானில் இருக்கும் அகதி முகாமுக்குப் போகிறார். கையில்லாத, காலில்லாத குழந்தைகளைப் பார்க்கிறார். அவ்வளவுதான், மனிதர் மாறிவிடுகிறார். ஐந்து மில்லியன் டாலராக இருந்த ரகசிய நிதி பத்தாகிறது, பிறகு நூறுகளில் ஏறுகிறது. 1986ல் தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணை போய்ச் சேர்கிறது. ஹெலிகாப்டர்கள் பொலபொலவென்று விழுகின்றன. 1989 பிப்ரவரியில் கடைசி சோவியத் சிப்பாயும் வெளியேறுகிறார். விருது. கைதட்டல். சுபம்.

மைக் நிக்கல்ஸ் இயக்கம். டாம் ஹாங்க்ஸ் ஜமாய்த்திருக்கிறார். சி.ஐ.ஏ. ஆசாமியாக வரும் பிலிப் சீமோர் ஹாஃப்மன் அவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறார். படம் போரடிக்கவில்லை. எனக்குப் பிரச்னை வேறு இடத்தில்.

நான் பி.காம். படித்தவன். உருப்படியாக ஞாபகமிருக்கும் பாடம் ஒன்றுதான். கணக்கை எந்தத் தேதியில் முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நஷ்டத்தைக்கூட லாபமாகக் காட்டிவிடலாம். இந்தப் படம் 1989ல் கணக்கை முடித்துவிடுகிறது. கடைசியில் பள்ளிக்கூடம் கட்டப் பணம் கேட்டு சார்லி கெஞ்சுவார், கமிட்டிக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பின்னால் நடந்த விபரீதத்துக்கெல்லாம் படம் ஒதுக்கும் இடம் அந்தச் சில நிமிடங்கள்தான்.

விட்டுப்போன வரவு செலவைப் பாருங்கள். 1988 ஏப்ரல் 10. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஓஜ்ரி முகாம் என்கிற ஆயுதக் கிடங்கு வெடித்தது. ஆப்கன் போராளிகளுக்குப் போகவேண்டிய சரக்கு அங்கேதான் குவிந்திருந்தது. ராக்கெட்டுகள் ராவல்பிண்டியிலும் இஸ்லாமாபாத்திலும் தெருத்தெருவாக விழுந்தன. பலர் செத்தார்கள். போர்க்களம் எங்கேயோ, பிணம் எங்கேயோ. 1992ல் காபூல் போராளிகள் கைக்கு வந்தது. உடனே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். சோவியத் படை இருந்தவரை ஓரளவு தப்பித்திருந்த தலைநகரத்தை, அது போன பிறகு இவர்கள் ராக்கெட் விட்டே இடித்தார்கள். இதெல்லாம் படத்தில் கிடையாது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் விமானப்படையில் இருந்து ரிடையர் ஆனவர். அவரிடம் இதைச் சொன்னேன். மனிதர் ஒரே போடாகப் போட்டார்.

"சார், ஒருத்தன் வீடு புகுந்து அடிக்கிறான். அடி வாங்கறவன் கத்தறான். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு கட்டையாவது எடுத்துக் குடுக்க வேணாமா?"

வேண்டும்தான். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கட்டையை நாமும் ஒரு முறை எடுத்துக் கொடுத்திருக்கிறோம். அதன் கணக்கு என்ன ஆயிற்று?

இலங்கை வெளியிலிருந்து படையெடுக்கப்பட்ட தேசமல்ல. ஆனால் 1983 ஜூலைக்குப் பிறகு அங்கே தமிழர்கள் கத்திய கத்தல் நம் ஊரில் எல்லோருக்கும் கேட்டது. இந்திரா காந்தி அரசு போராளி இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தது, ஆயுதம் கொடுத்தது. தமிழ்நாட்டில் முகாம்கள். உத்தரப் பிரதேச மலைப் பக்கமும் பயிற்சி. ஓர் இயக்கமல்ல, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த பல இயக்கங்கள். கொழும்பைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்து வரக் கொஞ்சம் அழுத்தம், அவ்வளவே. டெல்லியின் கணக்கு அதுதான்.

படிக்கட்டு எப்படி ஏறியது என்று பாருங்கள். 1985ல் திம்பு பேச்சு முறிந்தது. 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் இந்திய விமானங்கள் உணவுப் பொட்டலம் போட்டன. துணைக்கு மிராஜ் போர் விமானங்கள். ஜூலை 29ல் ஒப்பந்தம். அமைதிப்படை போனது. அக்டோபரிலேயே புலிகளோடு சண்டை. பயிற்சி கொடுத்தவன் ஒரு பக்கம், வாங்கியவன் எதிர்ப் பக்கம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பி வரவில்லை.

வேடிக்கை அதோடு முடியவில்லை. இந்தியப் படை போனால் போதும் என்று நினைத்த ஜனாதிபதி பிரேமதாசா, அதே புலிகளுக்குத் தானே ஆயுதம் கொடுத்தார். அந்நியப் படையை விரட்டத்தானே, என்ன தப்பு? 1990 மார்ச்சில் அமைதிப்படை கடைசியாகக் கப்பலேறியது. ஜூனில் புலிகள் பிரேமதாசாவின் ராணுவத்தின் மீதே பாய்ந்தார்கள். 1993 மே 1 அன்று பிரேமதாசாவே மனித வெடிகுண்டுக்கு இரையானார்.

நம் பக்கத்து பில்? அது டெல்லிக்குப் போகவில்லை. நம்ம ஏரியாவுக்கு வந்தது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. கொழும்பில் வெடிக்கவேண்டிய பெட்டிகள். முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வைத்தது பெரிய இயக்கங்களின் பட்டியலில்கூட இல்லாத ஒரு சின்னக் குழு. 1986 தீபாவளியன்று சூளைமேட்டில் துப்பாக்கிச் சூடு. 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் தோழர்களும். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம். ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்களும் உண்டு. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். மறுநாள் தெருவில் ஈ காக்கை இல்லை. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

இப்போது உக்ரைனுக்கு வாருங்கள். 2022 பிப்ரவரி 24ல் ரஷ்யா புகுந்தது. வெளியிலிருந்து ஆயுதம் வந்திராவிட்டால் உக்ரைன் இவ்வளவு நாள் நின்றிருக்காது. கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்குவது ஓர் அரசாங்கம், ஒன்பது குழுக்கள் அல்ல. அது பெரிய வித்தியாசம்தான். ஆனால் படிக்கட்டு அதேதான். டாங்கி தரமாட்டோம் என்றார்கள், தந்தார்கள். எஃப்-16 கிடையாது என்றார்கள், போனது. 2024 நவம்பரில் ரஷ்யாவுக்குள்ளேயே நீண்ட தூர ஏவுகணை விட அமெரிக்கா அனுமதித்தது. சில நாட்களில் ரஷ்யா தன் அணு ஆயுதக் கொள்கையை மாற்றியது, ஒரேஷ்னிக் என்கிற புது ஏவுகணையை நிப்ரோ நகரத்தின் மேல் விட்டது. ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். மொத்தமாகப் பார்த்தால்தான் எவ்வளவு உயரம் என்று தெரியும்.

பில் இங்கேயும் விலாசம் மாறியிருக்கிறது. 2022 நவம்பரில் போலந்து எல்லைக் கிராமம் ஒன்றில் ஏவுகணை விழுந்து இரண்டு பேர் செத்தார்கள். போலந்து நேட்டோ நாடு. ரஷ்யாதான் அடித்ததோ என்று உலகமே சில மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. உக்ரைன் தன்னைக் காத்துக்கொள்ள விட்ட ஏவுகணையாக இருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

பெரியவருக்கு நான் சொல்லவேண்டிய பதில் இதுதான். கட்டை கொடுங்கள் சார். யாரிடம் கொடுக்கிறோம், எந்தப் படியில் நிற்போம், சண்டை முடிந்ததும் கட்டையை யார் திருப்பி வாங்குவது? கொடுப்பதற்கு முன் இந்த மூன்றையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சார்லி வில்சன் கேட்கவில்லை. படம் அதை வீரம் என்கிறது. நாமும் கேட்கவில்லை.

தாம்பரத்திலிருந்து பீச் போகும் ரயிலில் திரிசூலம் தாண்டும்போது விமான நிலையம் தெரியும். அடுத்த முறை போகும்போது ஒரு நிமிடம் பாருங்கள். 1984ல் அங்கே பில் கட்டிய யாரும் எதையும் ஆர்டர் செய்தவர்கள் இல்லை.